மேனேஜரும் பிரஷர் மெஷினும்

நாய் வளர்ப்பதால் ஆரோக்கியம் அடைகிற ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது நாய்.

இந்த முடிவை ஜீரோ மெக்கானிக், டீக்கடை பெஞ்சில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தபடி, முப்பத்தோரு வருட அனுபவத்தின் பேரில் அறிவித்தார். அனுபவம் நாயோடு அல்ல, பிரஷர் மெஷினோடு. ஆனால் ஒரு துறையைக் கரைத்துக் குடித்தவன் மற்றத் துறைகளை முகர்ந்து பார்த்தாலே போதும் என்பது அவருடைய முந்தைய முடிவு.

"பேப்பர்ல பெரிசா போட்டிருக்காங்கண்ணே," என்றார் டீக்கடைக்காரர். "வீட்ல நாய் இருந்தா பிரஷர் குறையுமாம். நெஞ்சுவலி வராதாம். மனசு லேசாயிருமாம்."

"அளந்தது யாரு?"

"யாரோ ஆராய்ச்சிக்காரங்க."

"அளக்கறதுக்கு முன்னாடி ஜீரோ பாத்தாங்களா?"

"யாருக்கு, நாய்க்கா?"

"மெஷினுக்குய்யா! பாதரசம் ஜீரோவுல நிக்குதான்னு பாக்காம அளக்கிறவன் கண்ண மூடிக்கிட்டு பஸ் ஓட்டுறவன். ஊர்ல முக்காவாசி மெஷின் பொய் சொல்லுது. அத வெச்சு நாய்க்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கான். நான் கை வெச்ச மெஷின் மட்டும்தான் இந்த வட்டாரத்துல உண்மை பேசும். எழுதி வெச்சுக்கோ."

டீக்கடைக்காரர் எழுதி வைக்கவில்லை. டம்ளரைக் கழுவப் போனார்.

எதற்கெடுத்தாலும் 'முதல்ல ஜீரோ பாரு' என்பதால் தெரு அவருக்கு வைத்த பெயர்தான் ஜீரோ. தொழில் நேர்த்திக்காகத் தரப்பட்ட பட்டம் அது என்று அவர் நம்பியிருந்தார். தெருவும் அந்த நம்பிக்கையைக் கலைக்காமல் பெருந்தன்மையாக இருந்தது.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஆஸ்பத்திரிகளும் கிளினிக்குகளும் அனுப்பும் பிரஷர் மெஷின்கள் அங்கே வாயைப் பிளந்து வரிசையாகக் கிடக்கும். கறுத்துப்போன பாதரசத்தைக் காகிதக் கூம்பில் ஊற்றுவார். அதன் நுனியில் ஊசித்துளை. அழுக்கு காகிதத்தில் ஒட்டிக்கொள்ள, பாதரசம் வெள்ளி நூலாகக் கீழே இறங்கும். கண்ணாடிக் குழாயைத் துடைப்பார். குழாயின் மேல்மூடியில் பொத்தான் அளவு தோல்வட்டு ஒன்று இருக்கும். அது அடைத்திருந்தால் பாதரசம் சோம்பேறித்தனமாக இறங்கும் என்பதால் அதை மாற்றுவார். கடைசியில் ஒரு கண்ணாடிப் பாட்டிலின் இடுப்பில் கைப்பட்டையைச் சுற்றி, நூற்றெண்பது வரை காற்றடித்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்து பார்ப்பார். பாட்டிலுக்குக் கோபதாபம் கிடையாது. பாட்டில்மேல் பாதரசம் அசையாமல் நின்றால் மெஷினில் கசிவு இல்லை. 'சரி' என்று எழுதிய சின்னச் சீட்டில் தேதி போட்டு, கையெழுத்திட்டு, மெஷினின் நெற்றியில் ஒட்டுவார். மேஜைக்கு அடியிலேயே கிடக்கும் அந்தப் பாட்டில்தான் அந்த வீட்டில் அவர் முழுமையாக மதித்த ஒரே உருப்படி.

அடுத்த அறையில் அவர் மனைவி காஜா எடுப்பாள். கம்பெனியிலிருந்து கட்டுக்கட்டாகச் சட்டைகள் வரும். பித்தான் துளையைக் கத்தரித்து, விளிம்பைச் சுற்றி நெருக்கமாக நூல் போட்டு, எதிர்ப்பக்கம் பித்தான் தைக்க வேண்டும். கை வேலை. தெரு அவளைக் காஜாக்கா என்றது. ஒரு கண் சின்ன வயதுக் காய்ச்சலில் போய்விட்டது. முப்பது வருடச் சட்டைகள் அத்தனையையும் மற்றக் கண்தான் தைத்தது. இப்போது அதிலும் புரை. போன மாதம் ஒரு கட்டு திரும்பி வந்தது. பதினோரு சட்டைகளில் துளையையும் சேர்த்துத் தைத்து மூடியிருந்தாள்.

புரையை எடுப்பது அரை மணி நேர வேலை. ஆனால் இரண்டு தடவை ஆபரேஷன் மேஜை வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். பிரஷர் நூற்றெழுபத்தெட்டு. பிறகு நூற்றெண்பத்திரண்டு.

"நூத்தம்பதுக்குக் கீழ வந்தாத்தான் கண்ணுல கை வைப்பேன்," என்றார் கண் டாக்டர். "புரை முத்திருச்சும்மா. மூணாவது தேதி குடுக்கிறேன். அதையும் தள்ளிப்போட்டா உள்ளயே கரைஞ்சு கண்ணையே கெடுத்துரும். அப்புறம் நான் இருந்தும் பிரயோஜனமில்ல."

மூன்றாவது தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

மெக்கானிக் களத்தில் இறங்கினார். சுவரில் ஒரு அட்டவணை. காலை, மதியம், மாலை என மூன்று அளவு. அளக்கிற முறையிலும் குறை சொல்ல முடியாது. ஜீரோ பார்ப்பார், பட்டையை அளவாக இறுக்குவார், ஸ்டெதாஸ்கோப்பைச் சரியான இடத்தில் வைப்பார். கூடவே பேசுவார்.

"அசையாத. மூச்ச இழுத்துப் பிடிக்காத. ஏன் விடற? நேத்து உப்பு தின்னியா? பொய் சொல்லாத, பாதரசம் சொல்லிரும். பாரு, பாரு, நூத்தி எழுபத்தாறு! இதுக்கு மேல நான் என்ன, தலைகீழா நின்னு தண்ணி குடிக்கணுமா? உனக்காகத்தானே இவ்வளவும்! கண்ணு போனா யாருக்குக் கஷ்டம்? எனக்குத்தான்!"

"நிதானமா இருன்னு நிதானமா சொல்லக்கூடாதாங்க?"

"நான் நிதானமாத்தான் கத்துறேன்!"

அட்டவணையில் இரண்டு வாரம் நூற்றெழுபதுக்குக் கீழே ஒரு எண்கூட விழவில்லை. மனைவியிடம் ஒழுக்கம் போதாது என்று அடிக்குறிப்பு எழுதினார்.

அந்த நிலையில்தான் மாப்பிள்ளை வந்தார். மருந்துக் கம்பெனி விற்பனையாளர். எப்போதும் தோளில் ஒரு கனத்த தோல்பை, அது நிறைய மாத்திரை சாம்பிள்கள். அன்று கூடுதலாக இன்னொரு கையில் கயிறு. கயிற்றின் முனையில் பழுப்பு நிறத்தில், பாதி வாலோடு, நடுவயது நாய் ஒன்று.

"என்ன மாப்ளே இது?"

"நாய் மாமா."

"அது தெரியுது. எதுக்கு?"

"அத்தைக்கு. என்கூட வேலை பாத்தவரு மாத்தலாகிப் போறாரு, இத யாராச்சும் எடுத்துக்கிட்டாத் தேவலைன்னாரு. நாய் பக்கத்துல இருந்தா பிரஷர் இறங்கும் மாமா. எங்க கம்பெனி டாக்டருங்களே சொல்றாங்க."

"நீங்க பிரஷர் மாத்திரை விக்கிறவரு. மாத்திரையும் விப்பீங்க, நாயும் கொண்டாந்து விடுவீங்க. ரெண்டுல எது மேல உங்களுக்கு நம்பிக்கை இல்ல?"

மாப்பிள்ளை பல்லைக் காட்டினார். மாமனார் கேள்விக்குப் பதில் சொல்வதைக் கல்யாணமான முதல் வருடத்திலேயே நிறுத்தியிருந்தார். மாமியார் பக்கம் திரும்பினார்.

"அத்தே, ஒண்ணும் பெரிய வேலை இல்ல. காலைல ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. தலையத் தடவிக் குடுங்க. சும்மா ஏதாச்சும் பேசிக்கிட்டு இருங்க."

"பேசறதுக்கு நான் இல்லையா?" என்றார் மெக்கானிக்.

நாய் கொட்டாவி விட்டது.

கயிற்றை அவிழ்த்ததும் அது அறை அறையாகப் போயிற்று. பட்டறையில் ஒவ்வொரு மெஷினையும் குனிந்து பார்த்தது. எதிலும் திருப்தியில்லாததுபோல் மூக்கால் ஊதியது. சட்டைக்கட்டை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு, எல்லா வேலையும் தன்னால்தான் நடக்கிறது என்ற தோரணையில் காஜாக்காவின் பாதத்தின் மேல் படுத்துத் தூங்கிவிட்டது.

காஜாக்கா சிரித்தாள். "எங்க கம்பெனி மேனேஜர் அப்படியே இப்படித்தான். ஒரு சுத்து சுத்திப் பாப்பாரு, ஒரு வேலையும் செய்ய மாட்டாரு."

அன்றிலிருந்து அது மேனேஜர். மெக்கானிக்குக்கு மட்டும் அது 'அது'. கோபம் வந்தால் 'சனியன்'.

மேனேஜர் வந்த பிறகு வீட்டில் சில மாற்றங்கள். காஜாக்கா காலையில் தெருக்கோடி வரை நடந்தாள். கண் மங்கலாக இருந்ததால் அவள் நாயைக் கூட்டிப் போனாளா, நாய் அவளைக் கூட்டிப் போனதா என்பது விவாதத்துக்குரியது. உட்கார்ந்து வேலை செய்யும்போது, காலைக் கனமாக அழுத்திக்கொண்டு அது படுத்திருக்கும். எழுந்திருக்க முடியாது. எனவே அவள் அவர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏய், இங்க வா!"

"மேனேஜர் கால் மேல படுத்திருக்காருங்க. நீங்க வாங்க."

முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு பதில் அவர் கேட்டதில்லை. அதைவிடக் கேவலம், அவள் நாயோடு பேசியதுதான்.

"மேனேஜரே, சாப்ட்டியா? ரொட்டி பிடிக்கலியா? பால் ஊத்தித் தரவா?"

டீக்கடையில் போய் அவர் இதை நடித்தே காட்டினார். தலையைச் சாய்த்து, குரலைக் குழைத்து, "சாப்ட்டியா கண்ணு, பால் ஊத்தித் தரவா கண்ணு." பெஞ்சே சிரித்தது. "நாய்கிட்ட சாப்ட்டியான்னு கேக்கிறவங்களுக்குன்னு தனி ஆஸ்பத்திரி இருக்குய்யா. பூட்டு வெளிய இருக்கும்."

வீட்டிலும் கேட்டார். "என்னைக்காச்சும் என்னைய அப்படிக் கேட்டிருக்கியா?"

"உங்களுக்குத் தட்டுல போடறதே நான்தானே. போட்டவளே வந்து கேக்கணுமா?" ஊசியில் நூல் கோக்க நான்காவது தடவையாக முயன்றபடி சொன்னாள். "என்னைய யாரு கேட்டா?"

இது தலைப்புக்கு அப்பாற்பட்ட கேள்வி என்று அவர் விட்டுவிட்டார்.

மூன்றாவது நாள் அளவு நூற்று அறுபத்திரண்டு. ஐந்தாவது நாள் நூற்றைம்பத்தாறு. மெக்கானிக்கின் முகம் இருண்டது. மனைவியின் பிரஷர் குறைகிறது. ஆக, மெஷினில் கோளாறு.

பிரித்தார். பாதரசத்தை வடிகட்டினார். தோல்வட்டை மாற்றினார். ரப்பர் குழாய்கள் புதிது, வால்வு புதிது. பாட்டிலில் சுற்றி நூற்றெண்பதுக்கு ஏற்றினால் சிலைபோல் நின்றது. மனைவி கையில் சுற்றினால் நூற்றைம்பத்திரண்டு. வேறு மெஷின் எடுத்தார். அதுவும் அதையே சொன்னது. மூன்றாவது மெஷினும் முதல் இரண்டோடு சேர்ந்துகொண்டது.

"மாத்திரை வேலை செய்யுது," என்றார்.

"எட்டு மாசமா அதே மாத்திரைதான் மாமா," என்றார் வந்திருந்த மாப்பிள்ளை. மாத்திரை விற்பவர் தன் சரக்கை இப்படி விட்டுக்கொடுப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

"அப்ப சோதனை பண்ணிருவோம்."

மறுநாள் முழுக்க மேனேஜரைக் கொல்லைப்புறத்தில் கட்டினார். அது ஊளையிட்டது. "ஏங்க, பாவங்க" என்றாள் அவள். "சோதனைன்னா சோதனைதான்!" என்று கத்தினார். சாயங்காலம் அளந்தார். நூற்றெழுபத்து நான்கு. அவிழ்த்துவிட்டார். மறுநாள் நூற்றைம்பத்தொன்று. இரண்டையும் அட்டவணையில் எழுதி, பக்கத்தில் 'தற்செயல்' என்று குறித்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் குறிக்கவில்லை. அளக்கும்போது அவர் குரலை உயர்த்தினால் மேனேஜர் எழுந்து வரும். குரைக்காது, உறுமாது. நேரே அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, காதைத் தூக்கி, அவர் வாயையே பார்க்கும். அதிலிருந்து பிஸ்கட் ஏதோ விழப்போவதுபோல. அப்படியொரு ரசிகன் முன்னால் யாரும் கத்த முடியாது. இரண்டாவது வாக்கியத்தில் அவருக்குப் பேச்சு தடுமாறும். மூன்றாவதில் என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோகும். "சரி, கைய எடு" என்று முனகிவிட்டு எண்ணை எழுதப் போவார். எண் குறைந்திருக்கும்.

மூன்றாவது தேதி வந்தது. மேனேஜரை வீட்டில் விட்டுப் பூட்டிவிட்டு, மாப்பிள்ளையோடு மூவரும் ஆட்டோவில் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே மெக்கானிக்கின் குரல் முழு அளவில் இருந்தது. தடுக்க நாய் இல்லை.

"பயப்படாத. பயந்தா ஏறும். ஏறுச்சுன்னா கண்ணு போச்சு. ஞாபகம் வெச்சுக்க, இதான் கடைசித் தேதி. நல்லா மூச்சு விடு. எங்க விடற? விடவே இல்லியே!"

அறுவைக்கு முன் தயார் செய்யும் அறையில், பச்சை அங்கியும் தலையில் துணித்தொப்பியுமாக அவள் கட்டிலில் கிடந்தாள். சிஸ்டர் வந்து பட்டையைச் சுற்றினாள். மெக்கானிக் தலைமாட்டில் நின்றார்.

"ஜீரோ பாத்தீங்களா சிஸ்டர்? பட்டை முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல இருக்கணும். ஏய், கைய விறைக்காத. எத்தனை தடவ சொல்றது?"

பாதரசம் இறங்கியது. சிஸ்டர் உதட்டைப் பிதுக்கினாள். "நூத்தி எழுபத்தெட்டு."

காஜாக்காவின் நல்ல கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது.

மெக்கானிக்கின் மூளை முப்பத்தோரு வருடப் பழக்கத்தில் ஓடியது. "மெஷின் தப்பு!"

"அப்படியா சார்?"

"வீட்ல இவளுக்கு நூத்தம்பத சுத்தித்தான் இருந்துச்சு. நானே எழுதி வெச்சிருக்கேன். உங்க மெஷின் பொய் சொல்லுது. எந்த மடையன் இத சர்வீஸ் பண்ணான்?"

சிஸ்டர் மெஷினை மெல்லத் திருப்பினாள். நெற்றியில் சின்னச் சீட்டு. 'சரி.' போன மாதத் தேதி. கீழே ஒரு கையெழுத்து. வால் நீட்டிய, கர்வமான கையெழுத்து.

மெக்கானிக் அதைப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

"இப்ப என்ன சார் எழுதிக்கட்டும்?" என்றாள் சிஸ்டர். "மெஷின் தப்புன்னா, உங்க கைப்பட்ட அத்தனை மெஷினையும் திருப்பி அனுப்பிர்றோம். மெஷின் சரின்னா, அம்மாவைத் திருப்பி அனுப்பிர்றோம்."

அவர் அந்தச் சீட்டை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். "மெஷின் சரிதான்," என்றார்.

"அப்ப நீங்க வெளிய நில்லுங்க."

"நான் எதுக்கு? நான் புருஷன்!"

"அதான் சார். வெளிய நில்லுங்க. இந்தத் தம்பி இருக்கட்டும்."

கதவு சாத்தப்பட்டது. கதவில் முகம் அளவுக்குக் கண்ணாடி. மெக்கானிக் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். சத்தம் கேட்கவில்லை. சிஸ்டர் குனிந்து ஏதோ கேட்டாள். காஜாக்கா ஏதோ சொன்னாள். சிஸ்டர் சிரித்தாள். மாப்பிள்ளை தோளிலிருந்த தோல்பையை இறக்கி, எடை பார்ப்பவர்போல் கையில் தூக்கிப் பார்த்து, அத்தையின் பாதத்தின் மேல் மெல்ல வைத்தார். கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தச் சொன்னாள்போலிருக்கிறது. நகர்த்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மார்பு ஏறி இறங்கியது. இவ்வளவு நேரம் விடு விடு என்று அவர் கத்திய மூச்சை இப்போதுதான் அவள் விட்டாள்.

பத்து நிமிடம். சிஸ்டர் மறுபடி காற்றடித்தாள். அதே மெஷின். கதவுக்கு இந்தப் பக்கமிருந்தும் அவருக்கு அளவு தெரிந்தது, தொழில் பழக்கம். நூற்று நாற்பத்து நான்கு.

அந்தக் கட்டிலிலிருந்து கழற்றி வெளியே வைக்கப்பட்ட ஒரே உதிரிபாகம் தான்தான் என்பது, கழிவறைப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் தன்னை இடித்துக்கொண்டு போன அந்த இடத்தில் நின்றபோது, அவருக்கு உறைத்தது. பாட்டிலில் சுற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மாப்பிள்ளை தலையை நீட்டினார். "ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க மாமா. நீங்க வீட்டுக்குப் போயிட்டு நாலு மணிக்கு வாங்க. சிஸ்டர்தான் சொன்னாங்க. நான் சொல்லல."

"நான் இங்கயே இருக்கேனே."

"சிஸ்டர் ரெண்டு தடவ சொன்னாங்க மாமா."

வெயில் ஏறியிருந்தது. அவர் ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனார். டீக்கடைக்காரர் "என்னண்ணே, ஆச்சா?" என்று கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். அவர் பேசாமல் போனதைப் பெஞ்சு ஒரு சம்பவமாக எடுத்துக்கொண்டது.

கதவைத் திறந்ததும் மேனேஜர் அவர் காலிடுக்கில் நுழைந்து வாசல்வரை ஓடியது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தது. அவள் இல்லை. திரும்பி வந்து அடுத்த அறைக்குப் போய், அவள் உட்காரும் இடத்தை முகர்ந்தது. பிறகு பட்டறைக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்தது.

"உள்ள இருக்கா," என்றார். "கண்ணுல கத்தி வெச்சிருப்பாங்க இந்நேரம்."

காதைத் தூக்கியது.

"எனக்கென்ன தெரியும்? என்னைய வெளிய நிக்க வெச்சுட்டாங்க."

சும்மா இருக்க முடியாமல் ஒரு மெஷினை இழுத்தார். ஜீரோ பார்த்தார். தன் கையில் பட்டையைச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு காற்றடித்தார். முப்பத்தோரு வருடத்தில் தன்னை அவர் அளந்ததே இல்லை. மெக்கானிக்குக்கு எதற்கு அதெல்லாம்? நூற்றெண்பத்தாறு.

மெஷினில் கோளாறு.

பட்டையை அவிழ்க்காமலே, பாட்டிலை எடுக்க மேஜைக்கு அடியில் கையை விட்டார். அதற்குள் மேனேஜர் அங்கே போய்ப் படுத்திருந்தது. கை பாட்டிலில் படவில்லை. சூடாக, சொரசொரப்பாக, எலும்பு தெரிகிற ஒரு தலையில் பட்டது. எடுத்துவிடலாம் என்று நினைத்தார். அது தலையைத் தூக்கிக் கையோடு சேர்த்து அவர் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டது. நல்ல கனம். எழுந்திருக்க முடியாத கனம்.

அவர் வாசலைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சாப்ட்டியா?"

மூலையில் காலையில் அவள் வைத்துவிட்டுப் போன ரொட்டி அப்படியே காய்ந்து கிடந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியவில்லை. போன் அடித்தது. மாப்பிள்ளை எண். எடுத்தால் அவள் குரல்.

"முடிஞ்சுதுங்க. நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்குக் கட்டு பிரிப்பாங்களாம்."

அவர் மூன்று தடவை செருமினார்.

"என்னங்க, இருக்கீங்களா? மேனேஜர் என்ன பண்றாரு? சாப்ட்டாரா?"

"அந்தச் சனியனைப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றார் மெக்கானிக். "எங்கயோ கெடக்கும்."

சொல்லிவிட்டு, பாலில் நனைத்த ரொட்டியின் அடுத்த துண்டைக் குனிந்து அதன் வாயில் வைத்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இன்னும் கையிலேயே இருந்த பட்டைக்குக் காற்றடித்து, வால்வை மெல்லத் திறந்தார். பாதரசம் அவசரமில்லாமல் இறங்கி வந்து நூற்றைம்பத்திரண்டில் துடித்தது.

பாட்டிலை அவர் தேடவில்லை.